வேலை செய்யாதீர்கள் என்று கெஞ்சிய வருடம்

உங்கள் கம்பெனியில் எல்லாமே மாடி மாடியாக இருக்கிறது. சட்டத்துக்கு ஒரு மாடி, அரசாங்கத்தோடு பேச ஒரு மாடி, பேசியது சரிதானா என்று பார்க்க இன்னொரு மாடி. லிஃப்டில் வரும்போது உங்கள் கழுத்து அட்டைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். பாதிப் பேருக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. உங்களுக்காவது புரிகிறதா? முறைக்காதீர்கள். அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டது நீங்கள்தான்.

எழுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியின் சட்டப் பிரிவு முழுவதும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிடும். அது நான்தான். பெயருக்கு பர்சனல் டிபார்ட்மென்ட் உதவியாளர். பி.எல். முடித்திருந்ததால் டெல்லியிலிருந்து எது வந்தாலும் நேராக என் மேஜைக்கு வரும். சட்டம் படித்த திமிர் என் நடையில் தெரியும் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். தெரியட்டும் என்றுதான் நானும் நடந்தேன்.

கம்பெனி ஜெர்மனிக்காரர்களுடையது. பங்கில் பெரும்பகுதி அவர்கள் கையில். விவசாயக் கிணற்று மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தோம். பச்சைப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். உள்ளே செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில் இருக்கும். இதற்கு மேல் தொழில்நுட்பம் உங்களுக்குத் தேவையில்லை, எனக்கும் தெரியாது.

இப்போது கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் பயிற்சி வகுப்பில், ஒரு நாட்டின் அரசியலும் சட்டமும் பன்னாட்டுக் கம்பெனியை எப்படிப் பாதிக்கும் என்று அம்புக்குறி போட்டுப் படம் காட்டுவார்கள். எங்களுக்குப் படமெல்லாம் இல்லை. வருடத்துக்கு எத்தனை பெட்டி செய்யலாம் என்று டெல்லி கொடுத்த லைசென்ஸில் இருக்கும். அதற்கு மேல் செய்தால் குற்றம். குறைவாகச் செய்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மேலே செய்தால்தான் குற்றம்.

கூடுதலாகச் செய்ய அனுமதி கேட்டு டெல்லிக்கு எழுதினோம். வெளிநாட்டுப் பங்கை முதலில் நாற்பது சதவீதத்துக்குக் குறையுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்நியச் செலாவணிச் சட்டம் வந்த புதிது அது. ஜெர்மனிக்கு எழுதினோம். நாங்கள் பெற்ற பிள்ளையை எதற்காக அடுத்த வீட்டுக்குத் தத்து கொடுக்க வேண்டும் என்கிற தோரணையில் பதில் வந்தது. இரண்டு பக்கமும் மரியாதையான ஆங்கிலம். நடுவில் அம்பத்தூர்.

தீபாவளி நெருங்கியபோதே அந்த வருடத்துக்கான எண்ணிக்கையைத் தொட்டுவிட்டோம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்கிற சலுகையிலும் கொஞ்சம்தான் பாக்கி. வாசலில் பெட்டிக்காக வியாபாரிகளின் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒர்க்ஸ் மேனேஜர் சுந்தரம் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர். கவலை வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த வருடம் கண்ணாடி தேயாமல் இருந்ததே பெரிய விஷயம்.

“உற்பத்தியைக் குறைக்கணும்ப்பா. காயில் சுத்தற டெம்பரவரி பெண்களை இந்த மாசத்தோட நிறுத்திடலாம்.”

“காரணம் கேட்டா?”

“ஆர்டர் இல்லைன்னு சொல்லு.”

உண்மையைச் சொல்ல முடியாது. நம் இயந்திரங்களால் லைசென்ஸை விட நிறையச் செய்ய முடியும் என்று வெளியே தெரிந்தால், அதே தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் போட்டிக் கம்பெனி அன்றைக்கே டெல்லிக்கு மனு போட்டுவிடும். வெளிநாட்டுக்காரன் சட்டத்தை மீறப் பார்க்கிறான் என்று தலைப்பும் போட்டுவிடும். ஆகவே ரகசியம். சுந்தரத்துக்கும் எனக்கும் கணக்குப் பிரிவுத் தலைவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

அறிவிப்பு ஒட்டிய அன்றே சரோஜா என் மேஜைக்கு வந்து நின்றாள். டெம்பரவரி பெண்களில் அவள்தான் முன்னால் நிற்பவள். வெள்ளானூரிலிருந்து ஆவடி வரை நடந்து, அங்கிருந்து ரயில் பிடித்து வருவாள். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர்கள் குடும்பத்தில் தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் ஆள் அவள்தான். பொங்கலுக்குள் அவளையும் கூட இருந்த பெண்களையும் நிரந்தரம் ஆக்குவதாகக் கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. அதை நம்பி அவள் தம்பியை ஆவடியில் பாலிடெக்னிக்கில் சேர்த்திருந்தாள்.

“சார், ஆர்டர் இல்லைன்னா வெளியில லாரிக்காரன் இன்னாத்துக்கு நின்னுகினு கீறான்? காத்து வாங்கவா?”

“அது பழைய ஆர்டர்மா.”

“பழைய ஆர்டர்னா அத்த முடிக்க ஆளு வாணாமா?”

பி.எல். படிப்பில் இந்தக் கேள்விக்குப் பாடம் இல்லை. “மேலிடத்து முடிவு” என்றேன்.

“மேல கேன்டீன்தான் சார் கீது” என்றாள். சிரிக்கவில்லை. போய்விட்டாள்.

நேராக தேவராஜிடம்தான் போனாள். தேவராஜ் எங்கள் யூனியன் செயலாளர், பாடிக்காரர். தோளில் துண்டு இல்லாமல் அவர் பேசி நான் பார்த்ததில்லை, பேசாமல் இருந்தும் பார்த்ததில்லை. என்னை ‘வக்கீல் தம்பி’ என்பார். அந்த ‘தம்பி’யில் பாசம் எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மறுநாள் அவர் நாலைந்து பேரோடு சுந்தரத்தின் அறைக்கு வந்தார்.

“பொண்ணுங்கள நிறுத்தற முடிவ வாபஸ் வாங்கணும். இல்லாங்காட்டி நாளைலேர்ந்து கோ-ஸ்லோ. பாதி வேலதான் நடக்கும். சொல்லிட்டேன்.”

வேலைக்கு வருவார்கள், இயந்திரத்தின் முன் நிற்பார்கள், ஆனால் ஒரு மணி நேர வேலையை இரண்டு மணி நேரம் இழுப்பார்கள். அந்தக் காலத்துத் தொழிற்பேட்டையில் எந்த நிர்வாகத்துக்கும் ஜுரம் வரவழைக்கும் ஆயுதம் அது. சுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் துக்கம். “தேவராஜ், இப்படிச் செய்யலாமா? கம்பெனி என்ன ஆகும்?” என்றார். குரல்கூட உடைந்தது. நான் கூரையில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தேன். நாங்களே எப்படிக் குறைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்ததை, யூனியன் தன் செலவில் செய்து தருகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண்களுக்காக எல்லோரும் போராடுகிறார்கள், ஆனால் அந்த அடி நிர்வாகத்தில் ஒருவர் மேலும் படவில்லை. மாத முடிவில் அவர்கள் வெளியே போவது உறுதி. எனக்கு அது தெரியும். தெரிந்தும் முதல் வாரம் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மெதுவாக வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன். காயில் சுற்றும் பெண்களின் விரல்கள் பழக்கத்தில் வேகமாக ஓடிவிடும். பக்கத்தில் இருப்பவள் இடிப்பாள். “அடியே, கோ-ஸ்லோடி!” உடனே ஒருத்தி சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றுவாள். ரகசியம் தெரியாத சூபர்வைசர் ஒருவர் கத்திக்கொண்டே அங்கும் இங்கும் ஓடுவார். சுந்தரம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “பிளட் பிரஷர் ஏறிடும், உக்காருப்பா” என்று மோர் வாங்கிக் கொடுப்பார்.

இந்த இடத்தில்தான் கோட்டை விட்டோம். கோ-ஸ்லோ நடந்தால் நிர்வாகம் கோபப்பட வேண்டும். அதுதான் முறை. எச்சரிக்கை ஒட்ட வேண்டும், சம்பளத்தைப் பிடிப்போம் என்று மிரட்ட வேண்டும், லேபர் ஆபீசரிடம் ஓட வேண்டும், கேன்டீனில் வடையை நிறுத்த வேண்டும். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. மறந்தே போனோம். வடை சூடாக வந்தது. அந்த வாரம் சட்னிகூட நன்றாக இருந்தது.

பாடி நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நான் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மாலை. தேவராஜ் வந்து பக்கத்தில் நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“இன்னா வக்கீல் தம்பி, யாரும் எங்கள திட்டவே மாட்டேங்கறீங்க?”

“நாங்க திட்டினாலும் தப்பு, திட்டலைன்னாலும் தப்பா அண்ணே?”

“ஒத்த நோட்டீஸ் காணோம். மேனேஜர் எதிர்ல வந்தா சிரிக்கறாரு. ஊட்ல பொஞ்சாதி திட்டாம சோறு போட்டான்னு வெய்யி, எதோ பெர்சா கீதுன்னு அர்த்தம்.” குரலைத் தாழ்த்தினார். “நைனா, உண்மைய சொல்லு. கம்பெனி ஓடப்போவுதா? நாப்பது பர்சென்டு சட்டம் வந்துகீதாமே, வெள்ளக்காரன் கடைய மூடிகினு போறானாமே?”

அப்போது சில வெளிநாட்டுக் கம்பெனிகள் பங்கைக் குறைப்பதை விட மூட்டை கட்டுவதே மேல் என்று யோசித்துக்கொண்டிருந்தது உண்மைதான். எங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் இல்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியென்றால் ஏன் திட்டவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் ரகசியம் போச்சு. வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன். கொதிக்கிற டீ. நாக்கு வெந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தேவராஜ் என் கண்ணீரைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தொழிற்சாலை முழுவதும் கம்பெனி மூடப்போகிறது என்ற பேச்சு. வக்கீலே அழுதாராம்.

இந்த லட்சணத்தில் ஜெர்மனியிலிருந்து டைரக்டர் ஹெர்மன் வந்து இறங்கினார். டெல்லியில் பங்கு விஷயமாகப் பேசிவிட்டு, போகிற வழியில் எங்களையும் ஒரு பார்வை பார்க்க. ஆறடி உயரம், ஒரு சுருக்கம் இல்லாத சட்டை. அவர் வந்ததே மூடத்தான் என்று தொழிலாளிகள் முடிவு கட்டிவிட்டார்கள். யூனியன் உடனே பேச வேண்டும் என்றது. சரோஜாவும் வந்தாள். இது எங்கள் வேலை பற்றிய பேச்சு, எங்களில் ஒருத்தி உட்காராமல் எப்படி என்று கேட்டு, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஹெர்மனுக்கு மொழிபெயர்ப்பாளன் அடியேன்.

தேவராஜ் எழுந்தார். துண்டைச் சரிசெய்தார்.

“தொரை முன்னால சொல்றேன். நீங்க கடைய மூடிகினு போறதுக்கு நாங்க காரணம்னு பேர் வரக்கூடாது. அதனால கோ-ஸ்லோ வாபஸ். நாளைலேர்ந்து ஃபுல் ஸ்பீடு. பத்தலைன்னா ஞாயித்துக்கெழமையும் வரோம். ஓவர்டைம் கூட வாணாம். பொண்ணுங்கள மட்டும் நிறுத்தாதீங்க.”

சுந்தரம் இருக்கையிலிருந்து எழுந்தார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

“தேவராஜ், வேண்டாம்ப்பா. என்ன வேணா செய். வேகமா மட்டும் செய்யாதே.”

சரோஜா தேவராஜைப் பார்த்தாள், தேவராஜ் என்னைப் பார்த்தார், ஹெர்மனும் என்னைப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே இது?” என்றாள் சரோஜா. “வேல செய்யறோம்னா கையெடுத்துக் கும்புடறாரு!”

சுந்தரம் என் காதில், “ஏதாவது சொல்லிச் சமாளிப்பா” என்றார். எனக்குச் சமாளிக்கத் தெரியும். செம்புக் கம்பி தட்டுப்பாடு, மின்வெட்டு, கணக்கு முடிக்கும் சமயம் என்று மூன்று கதைகள் கையில் தயாராக இருந்தன. எதைச் சொன்னாலும் சுந்தரம் தலையாட்டுவார். ஆனால் அந்த அறையில் இருந்த ஒருத்தியின் வேலை, நான் எந்தக் கதையை எடுக்கிறேன் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. கதை சொன்னால் மாதக் கடைசியில் அவள் வெளியே. தம்பியின் படிப்பும் வெளியே. உண்மையைச் சொன்னால் போட்டிக் கம்பெனி வரைக்கும் போகலாம், என் வேலையும் போகலாம். உங்கள் பயிற்சியில் இதற்கு ஒரு கட்டம் போட்ட வரைபடம் வைத்திருப்பீர்கள். எனக்கு எச்சில் விழுங்கும் நேரம்தான் இருந்தது.

“கம்பெனி மூடல. டெல்லி குடுத்த லைசென்ஸ்ல இந்த வருஷத்துக்கு உள்ள எண்ணிக்கை முடிஞ்சு போச்சு. இதுக்கு மேல பெட்டி செஞ்சா சட்டப்படி குத்தம். அதனாலதான்” என்றேன். சுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார்.

இந்த உண்மை வெடிக்கும் என்று நினைத்தேன். வெடித்தது, சிரிப்பாக. வந்திருந்த யூனியன்காரர்கள் எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

“வக்கீல் தம்பி, காது குத்தறதுக்கும் ஒரு அளவு கீது!” தேவராஜுக்கு மூச்சு வாங்கியது. “வெவசாயி குடுன்றான். நாங்க செய்யறோம்ன்றோம். தொரையும் வித்து துட்டு பாக்கணும்னுதான் வந்துகீறாரு. நடுவுல கவர்மென்ட்டு வந்து செய்யாதேன்னுதா? சின்னப் புள்ளைகூட நம்பாது மாமே!”

ஏன் சிரிக்கிறார்கள் என்று ஹெர்மன் கேட்டார். எங்கள் நாட்டில் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று சொன்னேன், நம்ப மறுக்கிறார்கள் என்றேன். அவர் தேவராஜைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தார். “எங்கள் போர்டு கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோதும் சரியாக இந்த இடத்தில்தான் சிரித்தார்கள்” என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். தேவராஜின் சிரிப்பு நின்றது.

“அப்ப நெசந்தானா?”

“நெசந்தான்.”

“இன்னா நைனா கூத்து இது!”

“சிரிச்சது போதும்” என்றாள் சரோஜா. “சட்டம் கெடக்கட்டும். எங்க வேல போவுதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க.”

ரகசியம் உடைந்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது. வேகமாகச் செய்தாலும் மெதுவாகச் செய்தாலும் புதுப் பெட்டிக்கு இனி காயில் தேவையில்லை, காயில் சுற்ற ஆளும் தேவையில்லை. தேவராஜுக்கும் அது புரிந்தது. கையில் இருந்த இரண்டு ஆயுதமும் பிடுங்கப்பட்ட கடுப்பில் அவர் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார்.

“புச்சா செய்யக்கூடாது, சர்தான். எரிஞ்சு போனத மறுக்கா சுத்திக் குடுக்கறதுக்கும் டெல்லிக்காரன் கைநாட்டு வெக்கணுமா? அத்தயும் குந்திகினு எண்றானா அவன்?”

அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். எனக்கு முதுகு நிமிர்ந்தது. லைசென்ஸ் புதுப் பெட்டியைத்தான் எண்ணுகிறது. எரிந்த காயிலை மறுபடி சுற்றிப் பொருத்தினால் அங்கே புதுப் பெட்டி எதுவும் பிறப்பதில்லை. பழுது பார்க்க லைசென்ஸ் வேண்டும் என்று நான் படித்த எந்தச் சட்டத்திலும் இல்லை. உற்சாகத்தில் ஆங்கிலத்தில் ஹெர்மனிடம் கொட்டினேன்.

அவர் முகம் மாறியது. “எது எரிகிறது?”

“காயில், சார்.”

“எங்கள் காயில் எரியாது.”

சுந்தரம் இப்போது பல்லியைத் தேடினார். எத்தனையோ வருடங்களாக ஜெர்மனிக்குப் போன அறிக்கைகளில் எரிந்த காயில் என்று ஒரு சொல்கூடப் போனதில்லை. எங்கள் காயில் எரியாது என்பது அங்கே கொள்ளுத் தாத்தா காலத்துக் கௌரவம். நான் அவசரத்தில் அதன் மேல் காலை வைத்துவிட்டேன்.

“இன்னான்றாரு?” என்றாள் சரோஜா.

“நம்ம காயில் எரியாதாம்.”

“எரியாதா? குமணன்சாவடில தேவராஜ் அண்ணாத்தே மச்சான் கடையில மலையாட்டம் குமிஞ்சு கீது, போய் பாக்கச் சொல்லுங்க!”

“யம்மா, அவன இன்னாத்துக்கு இதுல இழுக்கற?” என்று தேவராஜ் பதறினார். சங்கச் செயலாளர் முகம் போய், மனைவியின் அண்ணனுக்குப் பயப்படுகிற முகம் வந்திருந்தது.

ஹெர்மன் பார்த்தே ஆக வேண்டும் என்றார். கம்பெனி அம்பாசடரில் முன்னால் அவர் முழங்காலை மடக்கிக்கொண்டு, பின்னால் நாங்கள் நான்கு பேர் இடித்துக்கொண்டு, பூந்தமல்லிப் பக்கம் கிளம்பினோம். வழியில் தேவராஜ் என் காதில், “எம்மச்சான் வாய் கொஞ்சம் நீளம். பாத்து பேர்த்து சொல்லு” என்றார்.

மச்சான் முனுசாமியின் கடை பெங்களூர் சாலை ஓரத்தில் ஒரு தகரக் கூரை. மோட்டார் ரீவைண்டிங், ஸ்டார்ட்டர் ரிப்பேர். சரோஜா சொன்ன மலை பொய்யில்லை. கருகிய காயில்கள் இடுப்பு உயரத்துக்கு. ஒவ்வொன்றிலும் எங்கள் கம்பெனி முத்திரை பளிச்சென்று இருந்தது. முத்திரை மட்டும் எரியவில்லை. ஜெர்மன் தரம்.

ஹெர்மன் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். காதுகள் சிவந்துவிட்டன. முனுசாமி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“தொரை, ஒங்க கம்பெனி நல்லா இருக்கணும். ஒங்க பெட்டி எரியறதாலதான் எங்க ஊட்ல ஒல கொதிக்குது.”

என்ன சொல்கிறார் என்று ஹெர்மன் கேட்டார். “நம் தயாரிப்பின் மேல் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறார்” என்று மொழிபெயர்த்தேன். சரோஜா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“ஏன் எரிகிறது என்று கேள்.”

“சாயங்காலம் ஆனா கரன்ட்டு பாதிதான் சாமி வருது. எல்லா கெணத்துக்காரனும் ஒரே நேரத்துல போட்டா இன்னா ஆவும்? காயிலு இழுத்துப் புடிக்க முடியாம சூடேறி, புஸ்ஸுனு பூடும்.”

இதை மட்டும் நான் வார்த்தை பிசகாமல் சொன்னேன். ஹெர்மனின் தோள்கள் இறங்கின. “அப்படியானால் எங்கள் காயிலில் குற்றமில்லை. உங்கள் மின்சாரம்தான் எரிக்கிறது” என்றார். நான் தலையாட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்கியிருக்கும். ஒரு நாட்டின் கௌரவத்தைக் காப்பாற்ற இன்னொரு நாட்டின் மின்சாரத்தை விட்டுக்கொடுத்தேன். அதற்காக என்னைத் தேசத் துரோகி என்று யாரும் இதுவரை சொல்லவில்லை.

பேரம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழேயே நடந்தது. காயில் பழுது பார்க்கும் வேலையை நம் தொழிற்சாலையிலேயே செய்யலாம், அந்தப் பெண்களையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் ‘பழுது’ என்ற சொல் ஜெர்மனிக்கு வரக்கூடாது என்றார் ஹெர்மன். ‘உற்பத்தி’ என்ற சொல் டெல்லிக்குப் போகக்கூடாது என்றேன் நான்.

“டெல்லியிலேர்ந்து ஆள் வந்து கேட்டா?” என்றார் சுந்தரம்.

“புதுசா ஒரு பெட்டியும் செய்யலைன்னு சொல்வோம் சார். பொய் இல்லையே.”

“யார் சொல்வா?”

“நான்.” சொல்லிவிட்டேன்.

இவ்வளவு நேரமும் ஸ்டூலின் பின்னால் நின்றுகொண்டிருந்த முனுசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. “மச்சான், இன்னா பேசிக்கிறாங்க? எம்பொழப்ப அள்ளிகினு போறதுக்கா கார்ல இட்டாந்த?” என்று தேவராஜ் மேல் பாய்ந்தார். ஊருக்கெல்லாம் நியாயம் பேசும் தேவராஜ் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

சரோஜாதான் குறுக்கே போனாள். “அண்ணே, திருமழிசைலேர்ந்து வர வெவசாயி அம்பத்தூர் வரைக்குமா தூக்கிகினு வருவான்? ஒங்க கடைக்குத்தான் வருவான். நீங்க வாங்கி எங்களாண்ட அனுப்புங்க. நாங்க சுத்தித் தரோம். கூலில ஒங்களுக்கும் பங்கு வெச்சிக்கலாம், மாட்டி வுடற வேல ஒங்களுது.” சுந்தரம் அங்கேயே ஒத்துக்கொண்டார். முனுசாமியும் ஒத்துக்கொண்டார், முனகிக்கொண்டேதான். அந்தப் பொங்கலுக்கு தேவராஜுக்கு மாமியார் வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. மூன்றாம் பொங்கல் வரைக்கும் வரவில்லை என்று கேள்வி.

இது பெரிய வெற்றிக் கதை என்று குறித்துக்கொள்ளாதீர்கள். ஓரத்தில் ஒருவன் பொழப்பில் கை வைத்தோம், பங்கு கொடுத்துச் சரிக்கட்டினோம். பங்கு விகிதச் சண்டை டெல்லிக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் இன்னும் சில வருடம் ஓடியது. கடைசியில் ஜெர்மனி இறங்கி வந்தது, லைசென்ஸும் உயர்ந்தது. டெல்லியிலிருந்து ஒருவர் வந்து பார்த்ததும் உண்டு. கருகிய காயில்களை அவர் முன் கொட்டிக் காட்டினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சட்டம் குறுக்கே நிற்கும்போது நம் ஆட்கள் முதலில் செய்வது, அதை அதனால் பாதிக்கப்படுகிறவர்களிடமிருந்து மறைப்பது. நாங்களும் மறைத்தோம். மறைத்த நாட்களில் எங்களுக்குத் தோன்றிய ஒரே யோசனை ஆட்களை நிறுத்துவதுதான். சொன்ன பிறகு ஒரே பிற்பகலில், அதுவும் ஒருவரின் நக்கலில், வழி வந்து விழுந்தது. உங்கள் ஏழு மாடியில் ஒன்றிலாவது நக்கலடிக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய இரும்பு போட்டு வைத்திருந்த கொட்டகையைச் சுத்தம் செய்து, தை பிறப்பதற்குள் வேலையைத் தொடங்கினோம். பெண்கள் எல்லோருக்கும் நிரந்தர உத்தரவு கொடுத்தாயிற்று. மற்ற எல்லாப் பிரிவுக்கும் வாசலில் பலகை உண்டு என்பதால், கொட்டகைக்கும் எழுதப் பெயின்டர் வந்து நின்றான். என்ன எழுத என்று கேட்டான். பழுது என்று எழுதினால் ஹெர்மனுக்கு ஆகாது. உற்பத்தி என்று எழுதினால் டெல்லிக்கு ஆகாது. நானும் சுந்தரமும் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். தூரிகையில் பெயின்ட் காய்ந்துவிட்டது.

சரோஜா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னா சார், ரொம்ப நேரமா நிக்கறீங்க?”

“பலகைக்குப் பேர் யோசிக்கிறோம்மா. எந்தப் பேர் வெச்சாலும் யாராவது சண்டைக்கு வருவாங்க.”

“அப்ப வெக்காதீங்க” என்றாள். “சம்பளத்தன்னிக்கு எங்க பேரு மட்டும் ஒழுங்கா கூப்புடுங்க. போதும்.” உள்ளே போய்விட்டாள். சுற்றுகிற சத்தம் மறுபடி கேட்டது, முழு வேகத்தில்.

நாங்கள் பெயின்டருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.